வெயில் பட்ட கை

"எண்ணெய் வேண்டாம்மா, சூடு உள்ளேயே நின்னுடும். குழாய்த் தண்ணியில துணியை நனைச்சுச் சுத்து, போதும்" என்றாள் மகள்.

அம்மா மனமில்லாமல் எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, ஈரத்துணியை மாப்பிள்ளையின் கையில் சுற்றினாள். அரைக்கைச் சட்டை முடிகிற இடத்திலிருந்து மணிக்கட்டு வரை தோல் கன்றிச் சிவந்திருந்தது. இரண்டு கொப்புளம் வேறு. அதைக் குத்தி உடைத்துவிடலாமா என்று கேட்டதற்கும் மகள் கூடவே கூடாது என்றுவிட்டாள். காரில் ஏசி மக்கர். கண்ணாடியை இறக்கிவிட்டு, சன்னலில் கையை வைத்தபடி காலையிலிருந்து வந்ததால் வந்த வினை.

"நல்லவேளை, இடது கை. சாப்பிடுற கைக்கு ஒண்ணும் ஆகலை" என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள். கோபமெல்லாம் மகள் மேல்தான். இத்தனை தூரம் அவர் ஓட்டிக்கொண்டு வர, இவள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாளாக்கும், ஒரு துண்டையாவது அந்தக் கையில் போர்த்திவிடக் கூடாதா என்று பொரிந்து தள்ளினாள்.

மாப்பிள்ளை மூன்றாவது டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். வெயில் பட்ட உடம்புக்குத் தண்ணீர் நல்லது என்று அம்மாவும் சும்மா இருந்துவிட்டாள்.

அவள் கவலை வேறு. மகளுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். கல்யாணமானவள், கேட்காமலே சேர்ந்திருக்கலாம். ஆனால் அப்பா வாயால் சரி என்று வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பாவோ முப்பது வருஷம் பஸ் ஓட்டி, பார்க்கக் கூடாத விபத்தையெல்லாம் பார்த்தவர். தன் பழைய காரை மாப்பிள்ளைக்குக் கொடுத்தபோதே, மகள் கை ஸ்டியரிங்கில் படக் கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

மதியத் தூக்கம் கலைந்து எழுந்த அப்பா நேராக வாசலுக்குப் போய்க் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். விளக்குக் கம்பத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே, ஒரு சாண் கூட மிச்சமில்லாத இடத்தில் பின்பக்கமாக விட்டிருக்கிறது, தானே என்றாலும் இரண்டு தடவை முன்னே பின்னே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"மாப்பிள்ளை கை அப்படி" என்றாள் அம்மா பெருமையாக.

அப்பா மாப்பிள்ளையின் ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மலைப்பாதை வளைவுல லாரிக்காரன் எவனும் இடைஞ்சல் பண்ணலையே?" என்று கேட்டார். மாப்பிள்ளை மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இல்லை மாமா என்றார்.

இதுதான் சமயம் என்று அம்மா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, மகளின் வேலைப் பேச்சை எடுத்தாள். அப்பா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிடிக்காத பேச்சை அவர் முடித்துவைக்கிற விதம் அதுதான் என்பதால் அம்மாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வந்தவர் கையில் பழைய துணி உறை ஒன்று இருந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை வருகிற ஒற்றைக் கை உறை. பஸ் ஓட்டிய காலத்தில் வெயிலில் அவர் கை உரிவதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மாவே தைத்துக் கொடுத்தது. மாப்பிள்ளை மேலாவது பாசம் இருக்கிறதே என்று அவள் அதை வாங்கக் கையை நீட்டினாள்.

"அவருக்கு எதுக்கு? டிரைவர் சன்னலோரம் இருக்கிறது வலது கைதானே, அதுக்குத்தானே நீ தைச்சே" என்றார் அப்பா.

அம்மா திரும்பி, தான் சுற்றிய ஈரத்துணியைப் பார்த்தாள். அவர் அதற்குள் உறையை மகளின் மடியில் போட்டிருந்தார்.

"ஆம்புலன்ஸ்லயும் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். போட்டுக்கிட்டு ஓட்டு."