சிறுவாணியில் அலசிய நீலம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை இங்கேயே உதிர்ந்து விழட்டும். கட்டுப்பல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூரில் எங்கள் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரம்மா காளியாத்தாள். மாடியில் குடியிருக்கும் ஜோஸ்லினுக்குப் புதுசாக ஒரு கிறுக்கு. காகிதத்தில் மருந்து பூசி, மேலே போட்டோ நெகட்டிவை வைத்து வெயில் காட்டி, தண்ணீரில் அலசினால் படம் நீலமாக வருமாம்.

வந்தது. அலச அலசப் போயும் போனது.

காகிதத்தை மாற்றினாள். மருந்தைக் கூட்டினாள், குறைத்தாள். கெட்டுப்போன காகிதத்தில் ஒரு கல்யாணப் பந்தியே போட்டிருக்கலாம். சர்ச் திருவிழாக் கண்காட்சிக்குப் பெரிய படம் தருகிறேன் என்று ஊரெல்லாம் வேறு சொல்லிவிட்டாள்.

ஒருநாள் குடிதண்ணீரில் அலசிப் பார்த்தாள். நீலம் அப்படியே நின்றது. இத்தனை நாளும் அதைத் தின்றது போர் தண்ணீர்!

காளியாத்தாளின் தொட்டி நிறையச் சிறுவாணிக் குடிதண்ணீர். லைனே பார்க்க ஜோஸ்லின் போய்க் கேட்டாள்.

"சிறுவாணி குடிக்கறதுக்குங்க அம்மணி. படத்தைக் குளிப்பாட்டறதுக்கில்ல. உங்களுக்கு ஊத்துனா நாளைக்கு லைனே குடத்தோட நிக்குமுங்க."

ஜோஸ்லின் கண் கலங்கித் திரும்பினாள். 'காக்காய்க்கும் தண்ணி வைக்காத மகராசி' என்று முதலில் ஆரம்பித்தது நான்தான்.

ஆனாலும் திருவிழாவில் படம் தொங்கியது. ஆள் உயரம். மயில் கழுத்து நீலம். வாசலில் மேய்ந்த ஆண் மயில் உள்ளே வந்து பார்த்து, வெட்கப்பட்டுத் தோகையை மடக்கிக்கொண்டு போனது.

எப்படி என்று கேட்டேன்.

"போர் தண்ணியில எலுமிச்சம்பழம் புழிஞ்சேனுங்க தாத்தா" என்றாள், கூசாமல்.

படத்தில், இடுப்பில் குடத்தோடு எங்கள் மாடிப்படி ஏறுகிறாள் ஒருத்தி. முகம் தெரியவில்லை. முதுகும் சேலையின் பின்கொசுவமும்தான்.

காளியாத்தாள் வெகுநேரம் பார்த்தாள். தன் பின்கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"யாரோ தண்ணி திருடறாப்பல இருக்குதுங்க."

"ஆமாங்கம்மா. விடியறதுக்கு முன்னால தினமும் வருவாங்க."

அப்புறம் லைனில் ஒவ்வொருத்தரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து, "நம்மூட்டுப் புள்ள செஞ்சதுங்க" என்று காட்டினாள் காளியாத்தாள்.

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிப்போடாதீர்கள். விடிந்தால் என் வாசலிலும் ஒரு குடம் சிறுவாணி இருக்கிறது.