நெருப்பு வரும்படி ஒரு பெயர்

"பேர் வாங்க வந்தியா, விருந்து சாப்பிட வந்தியா? கையை வீசிட்டு வந்து நிக்கிறியே!"

எழுத்தர் தோங் வென்ச்சி தலையைத் தூக்காமலே கேட்டார். தலைநகரில் அரச வம்சத்துப் பெயர்களைப் பதிவு செய்யும் கூடத்தில் இருபது வருடமாக அவர் வைத்ததுதான் சட்டம். எந்த ஊரில் எந்த இளவரசர் வழியில் ஆண் பிறந்தாலும், பெயரைத் தேர்ந்தெடுத்து முத்திரை குத்த வேண்டியவர் அவர். அதுவரை அந்தப் பிள்ளை, சக்கரவர்த்திக்கே உறவானாலும், வெறும் 'பெயரிடப்படாதவர்'.

எதிரே நின்ற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தாத்தோங்கிலிருந்து பத்து நாள் கழுதை வண்டியில் வந்தவள். தலைமயிரில் இன்னும் வழிப்புழுதி.

"கையை வீசிட்டு வரலீங்க" என்று முதுகிலிருந்த மூட்டையை இறக்கிப் பிரித்தாள். உள்ளே ஓர் ஆட்டுத்தோல் அங்கி.

தோங் அதைப் போட்டுப் பார்த்தார். முழங்கையில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மற்றபடி நல்ல கதகதப்பு. அது அவர் குரலுக்கும் பரவியது.

"உட்காரும்மா. உன் பேர் என்ன?"

"சூயின்."

"பார்த்தியா! உங்கப்பன் ஒரு நிமிஷத்துல உனக்குப் பேர் வெச்சுட்டான். மனு இல்ல, முத்திரை இல்ல. ராஜ ரத்தத்துக்கு அந்தக் கொடுப்பினை உண்டா?"

"இல்லீங்க" என்றாள் சூயின்.

அவள் ஊரையும் வீட்டையும் சொல்ல, தோங் தாத்தோங்கிலிருந்து வந்து கிடந்த மனுக்கட்டை உருவிப் புரட்டினார்.

"மூணாவது கிளை, நாலாவது வீடு... இந்தத் தலைமுறையில இன்னுமா பிள்ளை பிறக்குது?" அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "உங்க ஊர்ல எதுவும் நடக்கும். நரைச்ச தாடிக்காரன், தொட்டில்ல கிடக்கிறவனைச் சித்தப்பான்னு கூப்பிடுவான்."

பிறந்த தேதி கீழே இருந்தது. அவ்வளவு தூரம் படிக்கிற கெட்ட பழக்கம் அந்தக் கூடத்தில் யாருக்கும் இல்லை.

"சின்னவர் எப்படி? ரொம்ப அழுகையா?"

"முன்னெல்லாம் ராத்திரியில அழுவாருங்க. இப்ப அமைதியா படுத்திருக்கார்."

"அழுவாராம்! படுத்திருக்காராம்!" தோங் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாயை நனைச்சாலும் மரியாதை குறையக் கூடாது, என்ன?"

"பழகிடுச்சுங்க."

"என்ன அவசரம் உனக்கு? பத்து நாள் வண்டியேறி வந்திருக்கே?"

"பேர் இல்லாம மானிய அரிசி தரமாட்டேங்கிறாங்க. ராஜ வம்சம், ஏர் பிடிக்கக் கூடாது, கடை வைக்கக் கூடாதுங்கிறாங்க. பேர் இல்லாதவர் கல்யாணம் செல்லாதுன்னும்..."

"அடேயப்பா! அதுக்குள்ள கல்யாணக் கவலையா?"

அவள் குனிந்து மூட்டைத் துணியை மடித்தாள்.

தோங் மையைக் குழைத்தார். "இதுல இருக்கிற கஷ்டம் உன்னை மாதிரி ஆளுங்களுக்குப் புரியாது. முதல் எழுத்து, வம்சத்தை ஆரம்பிச்ச சக்கரவர்த்தி எழுதி வெச்ச பாட்டுல இருந்து வரணும். ரெண்டாவது எழுத்துக்குள்ள, இந்தத் தலைமுறைக்குன்னு விதிச்ச நெருப்புக் குறி இருக்கணும். உங்க ஊர்ல மட்டும் இந்தத் தலைமுறையில எண்ணூறு பேர். சுடர், ஒளி, விளக்கு எல்லாம் தீர்ந்துபோச்சு. மிச்சம் இருக்கிறது கரி, புகை, தீய்ஞ்ச சோறு. போன வாரம் ஒருத்தன் வெறுங்கையோட வந்தான். 'வறுத்த வாத்து'ன்னு எழுதிக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிட்டுப் போனான். பாவம், படிக்கத் தெரியாது."

"அங்கிக்கு என்ன கிடைக்குங்க?"

தோங் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கேலி தெரியவில்லை. தூரிகையைத் தோய்த்து, நெருப்புக் குறிக்குப் பக்கத்தில் நாலு கோடு சேர்த்து இழுத்தார்.

"இப்படி ஓர் எழுத்தே இதுவரைக்கும் கிடையாது. உனக்காக இப்பத்தான் உண்டாக்கினேன். 'அணையாத தணல்'னு அர்த்தம் வெச்சுக்கோ."

சிவப்பு முத்திரை விழுந்தது. பெரிய ஏட்டிலும் அதே பெயரை எழுதி மணல் தூவினார்.

"ஏட்டுல ஏறிடுச்சுங்களா?"

"ஏறிடுச்சு."

"அப்புறம் அடிக்க மாட்டீங்களே?"

"வம்ச ஏடும்மா இது! அடிச்சா என் தலை போயிடும். சந்தேகமே வேணாம்."

சூயின் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். காகிதத்தை வாங்கினாள். மை காய்ந்ததா என்று ஊதிப் பார்த்து, மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள்.

தோங்குக்கு அன்று தாராள மனசு. "போய்ட்டு வா. இந்தப் பேரோட உன் பிள்ளை நல்லா வளரட்டும்."

"பிள்ளை இல்லீங்க, எங்கப்பா" என்றாள் சூயின். "எழுபத்தொரு வயசு. பெட்டியில கிடத்தி ஒரு மாசமாச்சு, கல்லுல வெட்டப் பேர் இல்லாம இன்னும் புதைக்கலை."