அழித்த மெயிலும் எழுந்து வரும்

ஆபீஸ் கூட்டத்தில் கம்ப்யூட்டர்காரர் சொன்னதைக் கேட்டு விற்பனை மேலாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து எல்லாருக்கும் புது மெயில் மென்பொருள். பழைய மெயில் ஒண்ணுகூடத் தொலையாது. நீங்க எப்பவோ அழிச்சதும் பழைய ஃபைலுக்குள்ளேதான் ஒளிஞ்சிருக்கும். மாத்தும்போது அதுவும் எழுந்து வந்துடும்!"

மற்றவர்கள் கைதட்டினார்கள். வேறு வழியில்லாமல் மேலாளரும் தட்டினார்.

அந்தக் குழாய் கம்பெனியில் ஒரு வருடமாக ஒரு மர்மம். இவர்களுடைய புது மாடல் கடைக்குப் போவதற்கு முன்பே, அச்சு அசலாக அதே குழாயை எதிர்க் கம்பெனி விற்றுக்கொண்டிருக்கும். வரைபடம் எப்படி வெளியே போகிறது என்று முதலாளி மண்டையை உடைத்துக்கொண்டார்.

அனுப்பியது நம் மேலாளர்தான். சொந்த மெயில் அந்த ஆபீஸில் திறக்காது. அதனால் ஆபீஸ் மெயிலிலேயே மச்சானுக்கு அனுப்பி, அவர் வழியாக எதிர்க் கம்பெனிக்குக் கைமாற்றுவார். அனுப்பிய சூட்டோடு அழித்தும்விடுவார். நேற்றுவரை நிம்மதியாகத் தூங்கிய மனிதர்.

கம்ப்யூட்டர்காரர் மேசை மேசையாக வந்தார். ஆளாளுக்கு அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வரவேற்பறைப் பெண்ணுக்கு அக்கா குழந்தையின் முதல் போட்டோ வந்த மெயில் வேண்டும். ஸ்டோர் கீப்பருக்கு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று யாரிடமாவது நிரூபிக்க எல்லா மெயிலும் வேண்டும். கணக்காளர் விளம்பர மெயிலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"ரெண்டு காப்பியா எடுத்து வைங்க தம்பி, புண்ணியமாப் போகும்" என்று அழாத குறையாகக் கெஞ்சினார்.

தன் முறை வந்ததும் மேலாளர் அறைக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, என்னோடதை மாத்த வேணாம். பழைய குப்பையெல்லாம் எதுக்கு? மனுஷன்னா புதுசா ஆரம்பிக்கணும்."

"ஒரு காப்பியாவது எடுத்து வைக்கிறேனே சார்?"

"ஐயையோ, காப்பியே வேணாம்! அடியோட துடைச்சிடுங்க."

"எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா என் வேலை எவ்வளவு சுலபம் சார்!" என்று சிரித்தபடி அவர் எதையோ தட்டினார். திரை காலியானது. மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாலையில் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் கம்ப்யூட்டர்காரர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். மேசைமேல், மேலாளர் மச்சானுக்கு அனுப்பிய மெயில்கள் குழாய் வரைபடங்களோடு ஒன்றுவிடாமல் அச்சாகிக் கிடந்தன.

"அது... அழிச்சிட்டதா சொன்னாரே..." மேலாளர் கம்ப்யூட்டர்காரர் பக்கம் கையை நீட்டினார்.

"புது மென்பொருளாவது ஒண்ணாவது! உங்க எல்லார் மெயிலுக்கும், அழிச்சதையும் சேர்த்து, காப்பி போன மாசமே எடுத்தாச்சு" என்றார் முதலாளி. "ஆனா ஆளுக்கொரு மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கீங்க. அத்தனையும் படிக்க எனக்கு ஆயுசு பத்துமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாரோடதைப் படிக்கணும்னுதான் தெரியாம இருந்துது, நேத்து நீங்களே சொல்லிட்டீங்க."