இசைத்தட்டின் மேல் ஒரு கை

தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்து, வெயில் தாழுமுன்பே எங்கள் கறுப்பர் தெருவில் பாட்டும் ஆட்டமும் தொடங்கிவிட்டன. போலீஸ் சுட்டுக்கொன்ற என் தம்பி லமாருக்காக ஒரு பாட்டு செய்திருப்பதாக என் நண்பன் ஓடெல் சொல்லியிருந்தான். இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்தான். தாளத்துக்கு முன்னால் ஒரு பெண் அலறினாள். என் அம்மா. சவப்பெட்டியை மூடியபோது அலறிய அதே அலறல். அன்று ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டு நின்ற ஓடெல், மறுகையில் செல்போனைப் பிடித்து அதைப் பதிவு செய்து, இப்போது தட்டில் ஏற்றியிருக்கிறான்.

“என்னடா இது?”

“கறுப்பங்க அழுகையப் பாட்டாக்குனாத்தான்டா ஊரு காதுல விழும். ஹிப்-ஹாப்னா வேற என்ன?”

அலறல் முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கியது. அம்மா மூச்சு வாங்கக்கூட அவன் இடம் விடவில்லை. லமாரின் பெட்டியைச் சுமந்தவர்களே அதற்கு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுழலும் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். நின்றது. ஆனால் என் கை நடுங்கியது. நடுக்கத்தில் தட்டு முன்னும் பின்னும் அசைய, அம்மாவின் குரல் துண்டுதுண்டாகக் கீறிக்கொண்டு வந்தது. தட்டைக் கீறி இசைக்கும் ஹிப்-ஹாப் வித்தை என்று நினைத்து, கூட்டம் கைகளை உயர்த்தி ஆர்ப்பரித்தது.

“அப்படித்தான்! விட்றாத, நல்லா வருது,” என்றான் ஓடெல், என் காதில்.

கையை எடுத்தால் அம்மா மறுபடி முதலிலிருந்து அழுவாள்.