பன்ரேயின் மடியில் பிளக்

சாய்ந்த வெயிலில் மரத்தூள் மஞ்சளாகப் பறந்துகொண்டிருக்கிறது. காளான் வளர்க்க கில்சு அறுக்கும் ஓக் கட்டை மின்ரம்பத்தைக் கவ்விக்கொள்ள, உறுமல் நின்றுபோகிறது. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி பன்ரே சட்டென்று ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கி மடிக்குள் மறைத்துக்கொள்கிறாள். காலையில் கிம்ச்சி ஊறுகாயில் உப்புக் கூடிப்போனதற்காக மூண்ட சண்டையில் இருவருக்குள்ளும் பேச்சு இல்லை. ஆனால் பிளக் அவள் கைக்கு வந்துவிட்டதென்று தெரியாமல் கில்சு ஒருநாளும் ரம்பச் சங்கிலியைத் தொட்டதில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, அவளைப் பார்க்கிறான். அவள் மலையைப் பார்க்கிறாள்.

"புடுங்கியாச்சா?"

"யாரைக் கேக்குறீங்க? கட்டையவா?"

"ஒன்னத்தான். என் பத்து வெரலும் ஒன் மடியிலதான கெடக்கு."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். "புடுங்கியாச்சு."

'காட்டு' என்று அவன் கேட்கவில்லை. குனிந்து, சங்கிலியின் பற்கள்மேல் கையை வைக்கிறான். பன்ரே மடிக்குள் பிளக்கை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.