ஈர முடிச்சு

எங்கள் சேவூர் வீட்டுத் தறியில் பட்டிழை அறுந்தால், என் வீட்டுக்காரர் இரண்டு நுனிகளையும் நாக்கில் நனைத்துத்தான் முடிச்சுப் போடுவார். 2001இல் அவருக்கு எய்ட்ஸ் என்று தெரிந்ததும் மாமியார் தடுத்துவிட்டார்.

"உன் எச்சில் பட்ட பொடவய கட்டறவங்களுக்கும் ஒட்டிக்கும்டா. தறியத் தொடாத."

"எச்சில்ல பரவாதுங்க," என்றார் டாக்டர். "அவரு உடம்புலதான் எதிர்ப்பு சக்தி இல்ல. சாதா சளிகூட அவருக்கு ஆபத்து."

மாமியார் காதில் ஏறவில்லை.

"ஒரே ஒரு இழைம்மா," என்று படுக்கையிலிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தவர், சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து நான் நெய்ய உட்கார்ந்தேன். மாலையில் அறுந்த இழையை அப்படியே விட்டு எழுந்தேன். காலையில் அதில் முடிச்சு விழுந்திருந்தது. தொட்டால் ஈரம்.

இப்போது தினமும் பொழுது சாய்ந்ததும் மாமியாரே ஓர் இழையை அறுத்து வைக்கிறார். விடிந்ததும் எனக்கு முன்னால் வந்து, அந்த ஈர முடிச்சை உதட்டில் ஒற்றிக்கொள்கிறார்.