கட்டாமல் விட்ட மணி

கோத்த மணியெல்லாம் நூலின் மறுமுனை வழியாக நழுவித் தரையில் கொட்டியபோது, அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான்.

மாலை முழுக்கக் குனிந்து, கழுத்து ஒடியக் கோத்தது. ஒரு சரம் தேறிவிட்டது என்று தூக்கிப் பிடித்து அழகு பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஐயோ, எல்லாம் போச்சே!"

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் பொறுக்கக் குனியவில்லை. மணிகள் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனாருக்கு மணிக்கடையில் மாலை கோக்கிற வேலை. அண்ணி வீட்டுக்கு வந்த புதிதில் தானாகவே கண்ணாடி மணியும் நைலான் நூலும் கொண்டுவந்து வைத்தாள். நூலுக்கு மெழுகு தடவுவது, துளை அடைத்த மணியை வெளிச்சத்தில் பார்த்துக் கழிப்பது, கொக்கியைக் குறடால் நெரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பழகுகிறவர்களுக்கு உருண்டை மணிதான் நல்லது என்றாள். கட்டிலில் வேண்டாம், தரையில் உட்கார்ந்து கோத்துப் பழகுங்கள் என்றாள்.

மற்றபடி பேச்சே கிடையாது. பகலில் அவள் கடையில். மாலையில் அண்ணன் வீட்டில் இருப்பான். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். வாயில்லாத நாத்தனார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று இவள் தன் அக்காவிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மணிகள் சிதறும் என்று நினைத்தாள். சிதறவில்லை.

சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும் ஆடுகள் மாதிரி, எல்லாம் ஒரே பக்கமாக உருண்டு பீரோவுக்கு அடியில் போய் நுழைந்தன.

கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள். பீரோவின் கால்களுக்கு நடுவே, கிண்ணத்தில் கொட்டி வைத்ததுபோல் மணிகள் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

இது நடக்கக் கூடாத விஷயம். அவள் கணவன் தரை போடுகிற மேஸ்திரி. அவன் போட்ட தரையில் எண்ணெயை ஊற்றினால் அதுகூட யோசித்துத்தான் நகரும் என்று பேர். இந்த அறைக்கும் அவன்தான் தரை போட்டான், தன் கையால், ஆள் வைக்காமல்.

போன வாரம் சாப்பிடும்போது யார் வீட்டுத் தரையையோ திட்டிக்கொண்டிருந்தான். "குழி தோண்டி மூடின எடத்துல அவசரமா தரை போட்டா இப்படித்தான். மண்ணு இறங்கும். ஒரு மழைக்குத் தாங்காது." தொழில் தெரிந்த புருஷன் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

காற்று வரட்டுமே, பீரோவை நகர்த்தலாமா என்று வந்த புதிதில் கேட்டிருக்கிறாள். அது அங்கேதான் இருக்கணும் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவனுடைய முதல் மனைவி போன மழைக்காலத்துக்கு முன்னால் ஓடிப்போனவள். செருப்புகூடப் போடாமல் ஓடினாளாம். அப்படி என்ன தலைபோகிற அவசரமோ என்று அக்கம்பக்கத்தில் இன்னும் பேசுவார்கள். நல்ல வாழ்க்கையைக் காலால் எட்டி உதைத்த கொழுப்பெடுத்தவள் என்று இவளும் நினைத்திருக்கிறாள்.

தரையில் வைத்த கன்னம் சில்லிட்டது. அதை எடுக்கவும் பயமாக இருந்தது.

"அங்க என்ன சத்தம்?" கூடத்திலிருந்து அவன் குரல். நாற்காலி நகர்ந்தது. அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

நாத்தனார் தன் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளி, சத்தம் வராமல் கட்டில் பக்கமும் வாசற்படிப் பக்கமும் தூவினாள்.

அவன் வந்து நின்றான். எத்தனை கொட்டியது, உடைந்ததா என்றெல்லாம் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் உருண்டுச்சு?"

"நாலா பக்கமும்ங்க."

தன் குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் குனிந்து ஒரு மணியை எடுத்தான். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, விரலை மெல்ல விலக்கினான். மட்டம் பார்க்கிற பழக்கம். மணி நின்றது. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் பீரோவை நோக்கி நகர ஆரம்பித்தது.

நாத்தனாரின் பாதம் அதன்மேல் அமர்ந்தது.

"கால்ல குத்திடப் போகுதுண்ணா. நான் பொறுக்கிக்கறேன்."

அவன் அந்தப் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். சிரித்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான்.

குளியலறைக் கதவு சாத்தி, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் நாத்தனாரின் மடியில் கிடந்த சரம் கண்ணில் பட்டது.

அதன் கடைசி மணிக்குள் நூல் இரண்டாம் முறை நுழைந்து, இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அந்த ஒரு மணி கட்டியிருக்கிற வரை மேலே கோத்தது எதுவும் கொட்டாது. கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஊசியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லித்தருகிற பாடமாகத்தான் அது இருக்கும்.

இவளுக்கு அதை மட்டும் சொல்லித்தரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனாரின் கண்கள் நிரம்பியிருந்தன. கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, வெளிவாசலில் கிடக்க வேண்டிய இவளுடைய செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள்.

"பின்கதவு தொறந்திருக்கு. உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுங்க" என்றாள். "நீங்களாவது செருப்பப் போட்டுக்கிட்டுப் போங்க அண்ணி."